அம்மாவுக்கு ஒரு கத்தி

தங்கை வாங்கிக் கொடுத்த மூன்று கத்தி செட் ஒன்று வீட்டில் இருக்கிறது. கம்பெனிக் கத்தி, குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மா அதைத் தொடுவதில்லை. முடக்குவாதத்தில் விரல் மூட்டெல்லாம் வீங்கிய கை. அந்த ஒல்லி பிளாஸ்டிக் பிடியை இறுக்கிப் பிடித்தால் பத்து வெண்டைக்காய்க்குள் வலி வந்துவிடும்.

அதனால்தான் திருப்பாச்சேத்திப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். கையால் செய்தது, பாரம்பரியம் என்ற மயக்கமெல்லாம் இல்லை. அந்த மயக்கத்தில் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தாயிற்று. திருவிழாக் கடையில் வாங்கிய கத்தி, தேங்காய்ச் சில்லைப் பெயர்த்த முதல் நாளே வாய் மடங்கிப் போனது.

கையா மெஷினா என்பதைவிட, இரும்புக்குச் சூடு எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் பேச்சு. பழுக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று தோய்த்து, பிறகு 200 டிகிரி வாக்கில் மறுபடி வாட்ட வேண்டும். தோய்ப்பது பிசகினால் வாய் மடங்கும். வாட்டாமல் விட்டால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். கம்பெனியில் இதைக் கருவி பார்த்துக்கொள்கிறது. ஆயிரம் கத்தியும் ஒரே மாதிரி வரும். பட்டறையில் பார்ப்பது ஆளின் கண். இரும்பின் நிறம் தெரிய வேண்டுமே, அதனால் உலைப் பக்கம் எப்போதும் கொஞ்சம் இருட்டுதான்.

உடனே சிலர், பழங்காலத்தில் உருக்குக்குப் பேர்போன நம்ம ஊர் கொடுமணலைப் பற்றி ஆரம்பிப்பார்கள். பெருமைதான், சரி. ஆனால் இன்று பட்டறைகளில் அடிபடுவது பெரும்பாலும் லாரியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங் பட்டை. மட்டமில்லை, கத்திக்கு நன்றாகவே தாங்கும் இரும்பு. துரு மட்டும் பிடிக்கும். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது, இதில் அந்தக் காவல் கிடையாது.

பட்டறைக்காரர் முதலில் கேட்டது, "யாருக்கு?" மறு வாரம் அம்மாவை அழைத்துப் போனேன். ஒரு கட்டைத் துண்டைக் கையில் கொடுத்து, அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டே போனார். "போதுமா ஆத்தா?" "இன்னும் ரெண்டு சுத்து சுத்துப்பா." அம்மா தலையாட்டியதும் நூலால் சுற்றளவை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் அளவு. கருவேலங்கட்டையில் பிடி, பார்க்க உலக்கைத் துண்டு மாதிரி இருக்கிறது. விலை அந்த மூன்று கத்தி செட்டைவிடக் கூடுதல். நான் பேரம் பேசவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் பட்டறைக்குக் கிளம்ப வேண்டாம். கத்தியை ராத்திரி முழுக்க சிங்க்கில் போட்டுவைக்கிற வீடென்றால் கம்பெனிக் கத்தியே போதும். மிச்சக் காசில் ஒரு சாணைக்கல் வாங்குங்கள். பெரும்பாலான வீடுகளில் கெட்டிருப்பது கத்தியில்லை, கூர்தான். அப்புறம், பட்டறைக் கத்தியை மெஷினில் தண்ணீர் விடாமல் சாணை பிடிக்கக் கொடுக்காதீர்கள். சூடேறி விளிம்பு நீலம் பாரித்தால் கொடுத்த பதம் அங்கேயே போய்விடும்.

அம்மா காய் நறுக்கியதும் கத்தியைத் துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடுகிறாள். அதில் நான் எலுமிச்சம்பழம் அறுத்துக் கழுவாமல் வைத்த நாளிலிருந்து.