25 பிரதி என்றால் மொத்தமும் 25 தானா?
திருகோணமலைக் கோணேசர் கோயில் பாறையிலிருந்து எடுத்த விடியற்காலைப் புகைப்படம் 25 பிரதிகள் மட்டுமே அச்சிட்டு விற்கப்படுகிறது, அதனால் மதிப்புக் குறையாது என்கிறது இங்கே வந்த கட்டுரை. எந்த 25? பெரிய அளவில் 25, சிறிய அளவில் இன்னொரு 25, அதற்கு மேல் 'கலைஞர் பிரதி' என்று, அந்த எண்ணிக்கையில் சேராமல் கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் சில. ஒரே படம் ஐம்பதைத் தாண்டிவிடும். எல்லா அளவும் சேர்த்து மொத்தம் எத்தனை என்று சான்றிதழில் எழுதி வாங்குங்கள். தாள், மை, அச்சிட்ட ஆண்டும் அதில் இருக்கட்டும். கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒருவர், பிரேம் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்த மங்கலைப் பூஞ்சை என்கிறார். புதுப் படத்தில் அது பெரும்பாலும் மையிலுள்ள கிளைக்கோல் (மை சட்டென்று காயாமலிருக்கச் சேர்க்கும் திரவம்) ஆவியாகி முடியுமுன் பிரேம் போட்டதால் வருவது. அச்சிட்டுக் கால் மணி நேரம் கழித்து மேலே சாதாரண வெள்ளைத் தாளை வைத்து 24 மணி நேரம் விடவேண்டும். அந்தத் தாள் நெளிந்திருந்தால் புதுத் தாள் வைத்து மறுபடியும். எங்கள் திருகோணமலை மாரிக்காலத்து ஈரத்தில் படம் கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் மையும் கூடவே வரும். ஆகவே இடையில் அமிலமற்ற மவுண்ட் அட்டை, அதாவது படத்தைச் சுற்றி வைத்துக் கண்ணாடியில் படாமல் விலக்கும் அட்டை, கட்டாயம். படத்தின் பின்னால் செலோடேப் ஒட்ட விடாதீர்கள், பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். இன்னொன்று, கோயில் படம்தானே என்று சாமியறை விளக்குக்கு மேலே மாட்டுகிறார்கள். எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் பிரேம் இடுக்கு வழியே உள்ளே போய்ப் படம் அச்சிட்ட பருத்தித் தாளைப் பழுப்பாக்கும்.