ரீவோ மடத்தோடு திரும்பி வந்துவிடாதீர்கள்

இங்கிலாந்து போய்வந்தவர்கள் போடும் படங்களில் இடிந்த மடங்கள் கட்டாயம் இருக்கும். கூரையில்லாத வளைவுகள், நடுவே பச்சைப்புல், அழகுதான். ஆனால் அவற்றை ஏதோ வயதாகித் தானாக உதிர்ந்த கட்டடங்கள் போலப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

யார்க்ஷயரில் உள்ள ரீவோ மடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1132-இல் சிஸ்டர்சியன் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர் தொடங்கியது, ஏல்ரெட் மடாதிபதியாக இருந்தபோது நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்தது. 1538-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி அதை மூடியது. கூரையில் வேய்ந்திருந்த ஈயத்துக்கு நல்ல விலை என்பதால் அதை உரித்து உருக்கிப் பாளங்களாக வார்த்தார்கள். அதற்கப்புறம் மழையை எது தடுக்கும்? அந்தப் பாளங்களில் சில இடிபாட்டுக்கு அடியில் சிக்கிக் கிடந்து 1920-களில்தான் வெளியே வந்தன. யார்க் மின்ஸ்டர் பேராலயத்தில் 'ஐந்து சகோதரிகள்' என்னும் பெரிய கண்ணாடி ஜன்னலைச் சீரமைக்க அந்த ஈயம் பயன்பட்டது. முதல் உலகப்போரில் உயிரிழந்த பெண்களின் நினைவுச்சின்னமாக இருக்கிற அதே ஜன்னல். பறித்த ஈயம் மறுபடி ஒரு ஆலயத்துக்கே போய்ச் சேர்ந்ததில் எனக்கு அப்படியொரு நிறைவு.

சரி, நான் சொல்ல வந்தது அடுத்த இடத்தைப் பற்றி. ரீவோவிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான், கர்க்டேல் என்கிற மரங்களடர்ந்த பள்ளத்தாக்கில் புனித கிரகோரியார் ஆலயம் இருக்கிறது. மிகச் சிறியது. தெற்கு வாசலுக்கு மேலே ஒரு கல் சூரியக் கடிகாரம், அதில் பழைய ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு: காமலின் மகன் ஓர்ம், இடிந்து விழுந்து கிடந்த இந்த ஆலயத்தை வாங்கி, அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டுவித்தான், எட்வர்டு அரசர் காலத்தில், டோஸ்டிக் பிரபு காலத்தில். டோஸ்டிக் அங்கே பிரபுவாக இருந்தது 1055 முதல் 1065 வரை. அதாவது 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன் படையெடுப்புக்கு முன்பே அது பழசாகி, விழுந்து, மறுபடி எழுந்த ஆலயம்! இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது.

ரீவோவில் நிற்கும்போது வருவது வியப்பும் கோபமும். கர்க்டேலில் எனக்கு வந்தது நன்றி. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் தயங்காமல் கர்க்டேல் போகச் சொல்வேன்.

இந்த மாதிரிக் கிராமத்து ஆலயங்களைப் பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அந்தந்த ஆலயத்தைச் சேர்ந்த ஊர் மக்கள் தலையில்தான். கூரை ஒழுகினாலும் அவர்கள்தான் பணம் திரட்ட வேண்டும், பல ஊர்களில் ஞாயிறு வழிபாட்டுக்கு வருபவர்களே சொற்பம். நுழைவுக் கட்டணமும் கேட்பதில்லை. ரீவோவில் டிக்கெட்டுக்குக் கொடுத்ததில் பாதியையாவது இங்கே உண்டியலில் போட்டுவிட்டு வாருங்கள்.