டெட்டனஸ் பக்கத்து இருக்கைக்குத் தாவாது

டெட்டனஸ் ஊசி போடாத பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்தால் பக்கத்துப் பிள்ளைக்கு என்ன ஆபத்து? ஒன்றும் இல்லை. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் கிடந்து காயம் வழியே உடம்புக்குள் போகிறது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. போட்டுக்கொண்டவருக்கு மட்டுமே காப்பு, போடாவிட்டால் நஷ்டமும் அவருக்கு மட்டுமே. இருந்தும் பல நாடுகளின் பள்ளிச் சேர்க்கை விதியில் டெட்டனஸும் தட்டம்மையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

தடுப்பூசி போடாதவர்களைப் பள்ளிக்குள்ளும் பொது இடங்களுக்குள்ளும் விடாமல் தடுக்கலாமா, அது தனிமனித உரிமையை மீறுவதா என்று சண்டை போடுகிறவர்கள் முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த ஊசி, அது எதைத் தடுக்கிறது என்று சொல்லாமல் "தடுப்பூசி" என்று மொத்தமாகப் பேசினால் விவாதம் நகராது.

தட்டம்மை மறுகோடி. யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்பது பாடநூல் கணக்கு. அவர் எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அறையின் காற்றில் வைரஸ் இருக்கும். ஊசி இரண்டு டோஸில் சுமார் 97 சதவீதம் காக்கிறது, காப்பு பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க நிற்கிறது, நோயைத் தடுப்பதோடு பரவலையும் தடுக்கிறது. ஊரில் 95 சதவீதம் பேர் போட்டிருந்தால்தான் சங்கிலி அறும். இங்கே ஒருவர் போடாமல் இருப்பது, இன்னும் ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைக்கும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கும் நேரடி ஆபத்து. ருபெல்லா இன்னும் விசித்திரம். போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு அது பெரிய நோயே அல்ல. இன்னொரு பெண்ணின் வயிற்றில் இருக்கும் கருவைக் காப்பாற்றத்தான் அந்த ஊசியே.

மற்றவை நடுவில் எங்கெங்கோ நிற்கின்றன. தொண்டை அடைப்பான் ஊசி கிருமியின் நஞ்சை முறிக்கிறதே தவிர, கிருமி தொண்டையில் தங்குவதை முழுதாகத் தடுக்காது. இப்போது பல நாடுகளில் போடப்படும் கக்குவான் இருமல் ஊசியின் காப்பு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். பி.சி.ஜி. ஊசி கைக்குழந்தைகளுக்குக் கொடிய காசநோய் வராமல் காப்பதற்கு, ஊரில் காசநோய் பரவுவதை நிறுத்துவதற்கு அல்ல. இவை எல்லாமே நல்ல ஊசிகள், எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டியவை. ஆனால் "நீ போடாததால் எனக்கு ஆபத்து, ஆகவே உன்னை வெளியே நிறுத்துகிறேன்" என்ற வாதம் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவில் பொருந்தாது.

கொரோனா ஊசியின் சிக்கல், இந்த வரிசையில் அது நின்ற இடம் நடுவிலேயே மாறியது. 2020 டிசம்பரில் அனுமதி பெற்ற ஃபைசர் ஊசியின் 95 சதவீதம் என்ற எண், அறிகுறியோடு நோய் வருவதைப் பற்றியது. பரவலைத் தடுக்கிறதா என்பது அந்தச் சோதனையின் கேள்வியே இல்லை. 2021இன் முற்பாதியில் ஊசி பரவலையும் கணிசமாகக் குறைத்தது உண்மை. டெல்டாவில் அது குறைந்தது. 2021 நவம்பரில் வந்த ஒமைக்ரானில், தொற்றுக்கு எதிரான காப்பு சில மாதங்களிலேயே கரைந்தது. தீவிர நோயிலிருந்தும் சாவிலிருந்தும் காக்கும் பலன் மட்டும் நீண்ட நாள் நின்றது. ஆக, 2021 ஜூனில் நியாயமாக இருந்த ஒரு தடை 2022 பிப்ரவரியில் அதே நியாயத்தோடு நிற்க முடியாது. பெரும்பாலான அரசாங்கங்கள் சறுக்கியது இங்கேதான். விஞ்ஞானம் நகர்ந்துவிட்டது, ஆணை நகரவில்லை.

இதே இடத்தில் ஊசியை எதிர்க்கும் தரப்பும் சறுக்கியது. 2021 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு கடலோர ஊர்த் திருவிழாக் கூட்டத்தை ஒட்டிப் பதிவான 469 தொற்றுகளில் 74 சதவீதம் பேர் முழுதாக ஊசி போட்டவர்கள். "பார், ஊசி வேலை செய்யவில்லை" என்று அந்த எண் உலகம் சுற்றியது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,000 பேரில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். போடாதவர்களில் 10 சதவீதம், போட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குத் தொற்று வருகிறது. அதாவது 10 பேர், 36 பேர். மொத்தம் 46இல் 36 பேர், 78 சதவீதம், ஊசி போட்டவர்கள். ஆனாலும் இந்தக் கணக்கில் ஊசி ஆபத்தை 60 சதவீதம் குறைத்திருக்கிறது. நோயாளிகளில் எத்தனை பேர் போட்டவர்கள் என்பதைப் பார்க்கக் கூடாது. போட்டவர்களில் எத்தனை பேர் நோயாளிகள், போடாதவர்களில் எத்தனை பேர் என்று ஒப்பிட வேண்டும்.

பரவலைத் தடுக்காவிட்டால் என்ன, போடாதவர்கள் தீவிர சிகிச்சைப் படுக்கைகளை நிரப்பி மற்ற நோயாளிகளின் இடத்தைப் பறிக்கிறார்களே என்ற வாதம் அடுத்தது. வலுவான வாதம்தான். ஆனால் அதை எடுத்தால் தடையின் வடிவமும் மாற வேண்டும். ஊசி போடாத 20 வயதுக்காரரைவிட ஊசி போட்ட 80 வயதுக்காரர் அந்தப் படுக்கைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். ஆகவே படுக்கைதான் கவலை என்றால் வயதைப் பார்த்து விதி போட வேண்டும். 2022 ஜனவரியில் இத்தாலி 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கிரீஸ் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கட்டாயம் கொண்டுவந்தன. இத்தாலியில் ஒரே ஒரு முறை 100 யூரோ அபராதம், கிரீஸில் மாதாமாதம் 100 யூரோ. மாதாமாதம் என்பது எனக்கு ஒப்பவில்லை, ஏழை முதியவரைத்தான் அது அடிக்கும். ஆனால் வயதைக் குறிவைத்ததில் தர்க்கம் இருக்கிறது. கல்லூரி மாணவரைச் சினிமா கொட்டகைக்குள் விடாமல் நிறுத்தியதில் அந்தத் தர்க்கம் இல்லை.

"ஊசி போடாதவர்" என்பதே உடம்பைப் பற்றிய உண்மை அல்ல, காகிதத்தில் எழுதிய வரையறை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டாவது டோஸ் போட்டு 14 நாள் ஆகாதவர் பல நாடுகளின் கொரோனா விதிப்படி போடாதவராகவே கருதப்பட்டார். 2021 மே மாதம் இந்தியாவில் கோவிஷீல்டின் இரண்டு டோஸ்களுக்கு நடுவே 12 முதல் 16 வாரம் இடைவெளி என்று மாற்றினார்கள். முதல் டோஸை அன்றைக்குத்தான் போட்டவர் 84 நாள் ஆகாமல் இரண்டாவதைப் போடவே முடியாது. அவரிடம் "இரண்டு டோஸ் சான்றிதழ் இருந்தால்தான் உள்ளே" என்றால் அரசே கதவைப் பூட்டிவிட்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பதுபோல ஆகும். கோவாக்சின் போட்டவர்கள், உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3 அன்று அதை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்க்கும்வரை, பல நாடுகளின் எல்லையில் போடாதவர்களாகவே நின்றார்கள். கொரோனா வந்து குணமாகி நல்ல எதிர்ப்புச் சக்தியோடு இருந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் சான்றிதழில் 180 நாளுக்கு ஏற்கப்பட்டார், வேறு பல இடங்களில் அவருக்கு வரையறையே இல்லை. ஒரே உடம்பு, எல்லை தாண்டினால் வேறு பெயர்.

இந்த அதிகாரத்தின் பழைய கதையையும் சொல்ல வேண்டும். 1900ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் பயம். சீனர்கள் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானியின் பிளேக் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் நகரத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று சுகாதார அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். (அந்த ஊசி 1897இல் பம்பாயில் உருவானது.) வோங் வாய் என்பவர் வழக்குப் போட்டார். அந்த இனத்தவர்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. ஐந்து ஆண்டு கழித்து, 1905இல், பெரியம்மை ஊசி போட மறுத்த ஜேக்கப்சனுக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயம் செல்லும் என்றார்கள். ஆனால் தண்டனை 5 டாலர் அபராதம், அவ்வளவுதான். யாரும் அவர் கையைப் பிடித்து ஊசி குத்தவில்லை. எல்லை மீறி அடக்குமுறையானால் நீதிமன்றம் தலையிடும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

அதோடு நின்றிருந்தால் நல்லது. 1927இல் "பக் எதிர் பெல்" வழக்கில் அதே நீதிமன்றம் ஜேக்கப்சன் தீர்ப்பை ஒற்றை முன்னுதாரணமாகக் காட்டி, மனவளர்ச்சி குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்றது. தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் கொள்கை கருக்குழாயை வெட்டுவதற்கும் போதுமான அளவு அகலமானது என்பது நீதிபதி ஹோம்ஸ் எழுதிய வாக்கியத்தின் சாரம். அப்படிப்பட்ட சட்டங்களின் கீழ் அந்த நாட்டில் 60,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. தடுப்பூசியை ஆதரிக்கிறவர்கள் உரிமைப் பேச்சைக் கேட்டதும் "இவர்கள் எல்லாம் முட்டாள்கள்" என்று ஒதுக்குவதற்கு முன் இந்த 22 ஆண்டு இடைவெளியை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

இந்தியாவில் கொரோனா ஊசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக் கூடாது, உடல் மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும். அதே சமயம் பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், அதற்குச் சட்டம் வேண்டும், நியாயமான தேவை வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. அன்றைய நிலவரத்தில், போடாதவர்கள் போட்டவர்களைவிட அதிகம் பரப்புகிறார்கள் என்பதற்கு அரசுகள் தரவு எதையும் வைக்கவில்லை, ஆகவே தொற்று குறைவாக இருக்கும்வரை தடைகளை மறுபரிசீலனை செய்யுங்கள் என்றார்கள். தரவைக் கொண்டுவரும் பொறுப்பு தடை போடுகிறவர் தலையில் என்பதுதான் அதில் முக்கியம்.

சரி, நல்ல ஆணை எப்படி இருக்கும்? நோயின் பெயர், இடத்தின் வகை, தொடங்கும் நாள், முடியும் நாள் நான்கும் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். "மறு உத்தரவு வரும்வரை" என்று இருந்தால் அந்த ஆணையை நம்பாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கொரோனா சான்றிதழ் விதி 2021 ஜூலையில் தொடங்கும்போதே 12 மாதத்தில் காலாவதி என்று எழுதப்பட்டிருந்தது. நீட்டிக்க வேண்டியிருந்தபோது நாடாளுமன்றத்தில் மறுபடி வாக்கெடுக்க வேண்டி வந்தது. 2023 ஜூன் 30இல் முடிந்தது. முடிவு நாள் எழுதினால் நியாயம் சொல்லும் வேலை தானாக அரசிடம் திரும்பும்.

அடுத்தது மாற்று வழி. ஊசி அல்லது பரிசோதனை அல்லது குணமான சான்று என்று மூன்றையும் ஏற்பது ஒரு வகை, ஊசி மட்டும் என்பது வேறு வகை. மாற்று வழிக்குக் காசு வைத்தால் அது மாற்று வழியாக இருக்காது. பிரான்ஸில் 2021 அக்டோபர் 15இலிருந்து போடாதவர்களுக்கு இலவசப் பரிசோதனை நின்றது. விதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் கையில் பணம் இல்லாதவருக்கு அன்றைக்கே அது கட்டாயமாகிவிட்டது. அதே பிரான்ஸில் அரசியல் சாசனக் குழு 2021 ஆகஸ்ட் 5 அன்று இந்தச் சான்று முறையை (சுகாதார பாஸ்) ஏற்றபோதும், பாஸ் இல்லாத தற்காலிக ஒப்பந்தத் தொழிலாளியின் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறிக்கலாம் என்ற பகுதியை ரத்து செய்தது. நிரந்தர ஊழியருக்கு இல்லாத தண்டனை ஒப்பந்தக்காரருக்கு மட்டும் ஏன்? இதுபோன்ற ஓட்டைகள் பெரிய கோஷங்களில் தெரியாது, உட்பிரிவுகளைப் படித்தால்தான் தெரியும்.

சான்றைச் சரிபார்க்கும் முறையிலும் கவனம் வேண்டும். வாசலில் நிற்பவருக்குத் தேவை "சரி" அல்லது "இல்லை" என்ற விடையும் ஆள் அவர்தானா என்பதும் மட்டுமே. எந்த ஊசி, எந்தத் தேதி, என்ன உபாதை என்பது அவருக்கு எதற்கு? கியூஆர் குறியீட்டில் உள்ள மின்னணுக் கையொப்பத்தை இணையமே இல்லாமல் செல்பேசியிலேயே சரிபார்க்க முடியும், யார் எப்போது எங்கே நுழைந்தார் என்ற பதிவு எங்கும் சேராமல் செய்ய முடியும். அப்படிச் செய்யாமல் மையச் சேவையகத்தைக் கேட்டுத்தான் கதவு திறக்கும் என்று அமைத்தால் கூடவே நடமாட்டப் பதிவேடும் உருவாகிறது. பெயர் எழுத்து மாறிய சான்றிதழுக்கும் செல்பேசியே இல்லாதவருக்கும் காகித வழி கட்டாயம் வேண்டும். திருத்தத்துக்கு எத்தனை நாள், யாரிடம் மேல்முறையீடு என்பதும் ஆணையிலேயே வரவேண்டும்.

அதிகாரம் எல்லை மீறும்போது பெரும்பாலும் தன் எடையிலேயே விழுகிறது. ஆஸ்திரியா 2021 நவம்பர் 15 அன்று போடாதவர்களுக்கு மட்டும் ஊரடங்கு போட்டது. ஒரு வாரத்தில் எல்லோருக்குமே ஊரடங்கு. 2022 பிப்ரவரியில் கட்டாயச் சட்டம், 3,600 யூரோ வரை அபராதம். மார்ச்சில் நிறுத்திவைத்தார்கள், ஜூனில் கைவிட்டார்கள், யாரிடமும் ஒரு யூரோ வசூலாகவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தப் போய், தீக்குச்சியும் நமத்துப்போன கதை.

இதற்கு நேர்மாறாக, அலட்டல் இல்லாமல் நடக்கும் ஒரு தடை உண்டு. பள்ளியில் தட்டம்மை நுழைந்தால் ஊசி போடாத, நோயாளியோடு பழகிய பிள்ளைகளை, கடைசியாகப் பழகிய நாளிலிருந்து 21 நாள் வீட்டில் இருக்கச் சொல்வது. 21 என்பது நோய் வெளிப்பட ஆகும் அதிகபட்ச நாளை ஒட்டிய எண், யாருடைய கோபத்திலிருந்தும் வந்தது அல்ல. பழகிய 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டுக்கொண்டால் பொதுவாக உடனே வகுப்புக்குத் திரும்பலாம். ஊசி போடக் கூடாதவர்களுக்கு 6 நாளுக்குள் எதிர்ப்பொருள் ஊசி கொடுக்க முடியும், ஆனால் அது நோய் வெளிப்படுவதைத் தள்ளிப்போடலாம் என்பதால் அவர்களைக் கவனிக்கும் காலம் 28 நாளாக நீளும். கவனியுங்கள், மருத்துவக் காரணத்துக்காக முறைப்படி விலக்குச் சான்று வாங்கிய பிள்ளையும் அந்த நாட்களில் வீட்டில்தான் இருக்க வேண்டும். விலக்குப் பெற்றவர் உள்ளே, மறுத்தவர் வெளியே என்று பள்ளி பிரித்தால் அங்கே நடப்பது நோய்த்தடுப்பு அல்ல, தண்டனை. பெற்றோருக்குப் போகும் கடிதத்தில் திரும்பி வரும் தேதி அச்சிட்டிருக்க வேண்டும், அந்த நாட்களுக்கான பாடம் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், வருகைப் பதிவில் அதை விடுப்பாகக் கழிக்கக் கூடாது.