எட்டு, ஒன்று, எட்டு

ஞாயிற்றுக்கிழமை திரையிடலுக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் செய்தி எட்டியிருக்கும். அறிமுகவுரைக்கு ஒதுக்கிய 20 நிமிடத்தில் 15 நிமிடம், 1956 மே 12 இரவு நடிகை எலிசபெத் டெய்லர் வீட்டு விருந்திலிருந்து திரும்பிய ஹாலிவுட் நடிகர் மான்ட்கோமரி கிளிஃப்டின் கார் கம்பத்தில் மோதியதையும், டெய்லர் நொறுங்கிய காருக்குள் புகுந்து அவர் தொண்டையில் சிக்கிய பற்களை எடுத்ததையும், உடனிருந்து பார்த்தவரைப் போல விவரித்தார் பேச்சாளர். அன்றோடு அந்த நடிகர் முடிந்துபோனாராம். அரங்கம் ‘உச்’ கொட்டியது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, முடிந்துபோனவர் 1961-இல் நடித்த படத்தைப் போட்டார்கள்.

கிளிஃப்ட் நடித்தவை மொத்தம் 17 படங்கள். விபத்துக்கு முன் 8. விபத்தால் பாதியில் நின்று, அவர் திரும்பி வந்து முடித்துக்கொடுத்த ‘ரெய்ன்ட்ரீ கவுன்ட்டி’ ஒன்று. விபத்துக்குப் பின் 8. முடிந்துபோன ஒருவர், முடியாதிருந்தபோது நடித்த அளவுக்கு மறுபடியும் நடித்திருக்கிறார்!

ஆஸ்கர் பரிந்துரைகளில் முந்தைய காலத்துக்கு மூன்று, பிந்தைய காலத்துக்கு ஒன்றுதானே என்பார்கள். அந்த ஒன்றைத்தான் அன்று எல்லோரும் பார்த்தோம். ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பெர்க்’ படத்தில் நாஜிகளால் கட்டாயக் கருத்தடைக்கு ஆளான பீட்டர்சனாக, சாட்சிக் கூண்டில் ஏறக்குறைய ஏழு நிமிடம் வருகிறார். அதற்கு அவர் சம்பளமும் வாங்கவில்லை. தன் தாயின் படத்தை எடுத்து நீட்டி, அவளும் மந்தபுத்திக்காரியா என்று நீதிமன்றத்தைக் கேட்கும்போது, விபத்துக்குப் பின் இடப்பக்கம் அசைய மறுக்கும் அந்த முகத்தைத் தவிர வேறெந்த முகம் அங்கே பொருந்தியிருக்கும்? வசனம் நினைவில் நிற்காமல் தவித்தார், அது நடிப்பே அல்ல என்று தேநீர் வேளையில் ஒரு நண்பர் சொன்னார். தவித்தார் என்பது உண்மை. அந்தத் தவிப்பைக் கொண்டுபோய்ப் பாத்திரத்திடம் ஒப்படைக்கத் தெரிந்ததற்கு வேறு பெயர் இருந்தால் அவர் சொல்லட்டும்.

‘வைல்ட் ரிவர்’ படத்தைப் பற்றிப் பேச்சாளரிடமிருந்து ஒரு சொல்கூட இல்லை. டென்னசி ஆற்றில் அணை கட்டுவதற்காக, தன் தீவை விட்டு வெளியேற மறுக்கும் கிழவியிடம் பேசப்போகும் அரசாங்க அதிகாரியாக 1960-இல் அவர் அதில் நடித்தார். தன் பக்கம் சரியென்று தெரிந்தும் கூனிக் குறுகி நிற்கும் அந்த மனிதனை, விபத்துக்கு முந்தைய ‘ரெட் ரிவர்’ படக் காலத்துப் பேரழகனால் செய்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

குடியையும் வலிமாத்திரைகளையும் மறைக்கச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. 45 வயதில் இறந்ததற்கு அவையும் காரணம்தான். ஆனால் குடி விபத்துக்கு முன்பே அவரிடம் இருந்தது. எல்லாவற்றையும் அந்த ஓர் இரவின் தலையில் கட்டினால்தான் கதை சுவைக்கும் போலிருக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கணித ஆசிரியையான என் அக்காவுக்கு 41 வயதில் முகவாதம் வந்து, கிளிஃப்டைப் போலவே இடப்பக்கம் சரியாக அசையாமல் போயிற்று. அதன் பிறகும் 19 ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றார். பணி நிறைவு விழாவில் வாழ்த்த வந்த பெரியவர், ‘அந்தக் காலத்தில் டீச்சரைப் பார்க்க வேண்டுமே’ என்று தொடங்கி, நோயை விவரித்து, அனுதாபத்தோடு அமர்ந்தார். கணக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நல்லெண்ணத்தோடுதான் பேசினார். ஞாயிறு பேச்சாளரும் அப்படித்தான் என்கிறார்கள். நல்லெண்ணம் உள்ளவர்களிடமிருந்து தப்பிப்பது பெரும்பாடு.

திரையிடலுக்கு ஒட்டிய சுவரொட்டியில் இருந்தது 1950-களின் தொடக்கத்துக் கிளிஃப்ட்; அன்று திரையில் வந்தவர் அவரல்லர். அக்காவின் விழா பிளெக்ஸிலும் கல்யாணத்துக்கு முன் ஸ்டுடியோவில் எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். வாசலில் நின்று அதைப் பார்த்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், ‘இவங்க யாரு சார்?’ என்று என்னிடம் கேட்டான்.