தீயில் இறந்தவருக்கு போஸ்ட்மார்ட்டம் வேண்டாமா? சுற்றும் தகவல் தவறு

"தீயில் கருகி இறந்தால் போஸ்ட்மார்ட்டம் கிடையாது, வீட்டார் எழுதிக் கொடுத்தால் போதும், கேரளாவில் அதுவும் வேண்டாம்" என்று தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-வது பிரிவைப் பாருங்கள். எல்லைக்கு இரு பக்கமும் அதே சட்டம்தான். சாவின் காரணத்தில் சந்தேகம் இருந்தாலோ, கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தாலோ, போலீஸ் உடலைப் பரிசோதனைக்கு அனுப்பும். வீட்டார் எழுதிக் கொடுப்பது அதைத் தடுக்காது.

மூச்சுக்குழாயில் கரி படிந்திருக்கிறதா, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். இருந்தால், தீப்பிடித்தபோது அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. கருகிய உடலை வெளியே இருந்து பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. மகளைப் பறிகொடுத்த பெற்றோர் இந்தத் தகவலை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

தயவுசெய்து அந்தத் தவறான தகவலை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்தப் பிரிவு எண்ணையும் போடுங்கள்.