கரன்ட் இல்லாத ஹெல்மெட்

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு ஃபார்வர்டு சுற்றி வரும். ‘மூளையில் கடவுள் குடியிருக்கும் இடத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.’ சித்தப்பா உடனே அதற்குக் கீழே இரண்டு கும்பிடு போடுவார். கருப்புச் சட்டை போடும் என் நண்பன் அதே செய்தியைத் தன் பக்கத்தில் போட்டு, ‘பார்த்தீங்களா, சாமி என்பது மூளைக்குள் நடக்கிற கோளாறு’ என்பான். ஒரே செய்தியில் இரண்டு பேரும் ஜெயிக்கிறார்கள் என்றால் எங்கேயோ இடிக்கிறது.

இந்தப் பேச்சு பெரிதானதில் நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன். காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுப் பக்கம் இருக்கிற டெம்போரல் லோப் என்கிற மூளைப் பகுதியில் வலிப்பு வரும் சிலருக்கு பக்தி அளவுக்கு மீறி இருப்பதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களிடம் சொற்களைக் காட்டி, எந்தச் சொல்லுக்கு உள்ளங்கை வேர்க்கிறது என்று இவர் அளந்தார். மதம் சார்ந்த சொற்களுக்கு ஏகத்துக்கும் வேர்த்தது. 1997-ல் இது வெளியே வந்ததும் பத்திரிகைகள் ‘கடவுள் புள்ளி’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டன. அவர் சோதித்ததோ விரல் விட்டு எண்ணிவிடக் கூடிய ஆட்களை.

எனக்குப் பிடித்தது ஹெல்மெட் கதைதான். கனடாவில் சட்பரி என்கிற ஊரில் மைக்கேல் பெர்சிங்கர் என்ற பேராசிரியர், பனியில் வண்டி ஓட்டுகிறவர்கள் போடுகிற ஹெல்மெட்டில் அதே டெம்போரல் லோபைத் தூண்டக் காந்தச் சுருள்களைப் பொருத்தி, சத்தமில்லாத அறையில் ஆட்களைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்தார். பக்கத்தில் யாரோ இருப்பது போலத் தோன்றியது என்று பெரும்பாலானவர்கள் சொன்னதாக அறிவித்தார். அந்தக் காந்தப்புலம் ஒரு மைக்ரோடெஸ்லா அளவுதான். எம்.ஆர்.ஐ. மெஷினில் அதைப் போல 15 லட்சம் மடங்கு இருக்கிறது, அதற்குள்ளே படுத்து எழுந்தவர்கள் பில்லைப் பார்த்துத்தான் கடவுளே என்றிருக்கிறார்கள். (அளவு முக்கியமில்லை, அலையின் வடிவம்தான் முக்கியம் என்பது பெர்சிங்கரின் வாதம். சரி, இருக்கட்டும்.)

அப்புறம் ஸ்வீடனில் பேர் கிரான்க்விஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதே கருவியை வைத்து 89 மாணவர்களிடம் செய்து பார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். யாருடைய ஹெல்மெட்டில் கரன்ட் ஓடுகிறது, யாருடையதில் ஓடவில்லை என்பது மாணவருக்கும் தெரியாது, சோதனை நடத்துகிறவருக்கும் தெரியாது. கரன்ட் இருந்ததற்கும் இல்லாததற்கும் வித்தியாசமே இல்லை. சும்மா மாட்டிய ஹெல்மெட்டிலும் சிலருக்கு அந்த அனுபவம் வந்தது, அது யாருக்கு வரும் என்பதை அவரவர் மனசு எவ்வளவு சுலபமாக வசப்படும் என்பதுதான் தீர்மானித்தது. பெர்சிங்கர் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் செய்த முறை தப்பு என்றார்.

ஹெல்மெட் தோற்றுவிட்டது என்று எல்லாரும் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு இங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

நெல்லைப் பக்கம் எங்கள் இசக்கியம்மன் கோவில் கொடையில் அத்தைக்குச் சாமி வரும். வில்லுப்பாட்டில் கதை ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரவேண்டும், மேளம் ஏறவேண்டும், சுற்றியிருக்கிற பெண்கள் குலவை போடவேண்டும், அப்போதுதான் வரும். பாத்திரம் தேய்க்கும்போது ஒரு நாளும் வந்ததில்லை. இதை வைத்துத்தான் என் நண்பன் ‘நடிப்பு’ என்று சிரிப்பான். நானும் காலேஜில் படிக்கும்போது சிரித்திருக்கிறேன். ஆனால் ஸ்வீடன் மாணவர்கள் நடிக்கவில்லையே. இருட்டும் அமைதியும் ‘ஏதோ நடக்கப் போகிறது’ என்கிற எதிர்பார்ப்பும் சேர்ந்தபோது அவர்கள் நிஜமாகவே ஒருவரை உணர்ந்தார்கள். அத்தையைச் சுற்றி ஊரே சேர்ந்து கட்டுகிற எதிர்பார்ப்புக்கு முன்னால் அந்த ஆய்வக அறையெல்லாம் ஒன்றுமே இல்லை.

அதற்காக அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா? அதைச் சொல்ல ஸ்கேனுக்கு வழியில்லை. கனடாவின் மாண்ட்ரியலில் மாரியோ பொரகார் என்ற மூளை ஆய்வாளர் 15 கார்மலைட் சபைக் கன்னியாஸ்திரிகளின் மூளையை ஸ்கேன் செய்தார், 2006-ல் வெளிவந்தது. நினைத்த நேரத்தில் கடவுளை வரவழைக்க முடியாது என்று அவர்கள் சொல்லிவிட, வாழ்க்கையில் ஆழமாக உணர்ந்த ஒரு தருணத்தை நினைவுபடுத்தச் சொன்னார். ஒரு புள்ளி இல்லை, மூளையில் பல இடங்கள் வேலை செய்தன. அம்மாவை நினைத்தாலும் மூளையில் ஏதாவது வேலை செய்யும், அதை வைத்து அம்மா இருக்கிறாளா செத்துவிட்டாளா என்று சொல்ல முடியாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் தெருப் பையன் ஒருவன் திடீரென்று வெறித்துப் பார்ப்பான், வாய் தானாக மெல்லும், அப்புறம் ஒன்றும் ஞாபகம் இருக்காது. காற்று கருப்பு என்று இரண்டு வருஷம் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மூளை அலைகளைப் பதிகிற இ.இ.ஜி. எடுத்து, வலிப்பு என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் நின்றது. வில்லுப்பாட்டுக்குக் காத்திருந்து வருவது வேறு, சோற்றுத் தட்டின் முன்னால் சொல்லாமல் வருவது வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு மூளை விஞ்ஞானம் வேண்டும்.

போன கொடையில் அத்தையிடம் ஸ்வீடன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘கரன்ட் இல்லன்னு அந்தப் பிள்ளைகளுக்குப் பொறவு சொன்னாவளா?’ என்று கேட்டாள். பாவம், மேளக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள், நான் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டாள்.