15 கிலோவுக்குள் இருந்தால் அலைச்சறுக்குப் பலகை இலவசமா?

திருச்சியிலிருந்து பாலிக்கு அலைச்சறுக்குப் பலகையை (சர்ஃப்போர்டு) விமானத்தில் கொண்டுபோவது பற்றி இந்தக் குழுவில் கேட்ட காரைக்கால் தம்பிக்கு, "பலகையும் பையும் சேர்ந்து 15 கிலோவைத் தாண்டாவிட்டால் தனிக் கட்டணம் கிடையாது" என்று சிலர் பதில் சொல்லியிருக்கிறார்கள். நாலைந்து பேர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

பட்ஜெட் விமானங்களில் எடை மட்டும் கணக்கில்லை, அளவும் உண்டு. பல நிறுவனங்கள் சாதாரணப் பைக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 செ.மீ. என்றுதான் வரம்பு வைத்திருக்கின்றன. என் மச்சானின் பலகையை நாகப்பட்டினத்தில் திண்ணையில் கிடத்தி, தையல் டேப்பால் அளந்தோம். நீளம் மட்டும் 6 அடி 2 அங்குலம், அதாவது 188 செ.மீ.! எடையோ 4 கிலோகூட இல்லை. இப்படிப்பட்டதை விளையாட்டுப் பொருள் என்று தனியாகப் பதிய வேண்டிவரும். ஏர்ஏசியாவில் அதற்கென்றே தனி முன்பதிவு இருக்கிறது. சில முழுச்சேவை விமானங்கள் இலவச எடைக்குள்ளேயே ஏற்பதுண்டு. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொன்னவர்கள் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

சரிபார்ப்பது சுலபம். உங்கள் விமான நிறுவனத்தின் தளத்தில் பேக்கேஜ் பகுதிக்குள் 'விளையாட்டுப் பொருட்கள்' பக்கத்தைத் திறந்து, கட்டணத்தோடு நீள வரம்பையும் பாருங்கள். பலகையை உறையோடு அளந்துகொள்ளுங்கள். அப்புறம், சென்னை வழியாக மாறிப் போவதென்றால் இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள் தம்பி. உள்ளூர்த் தடங்களில் ஓடும் ஏடிஆர் (விசிறி வைத்த விமான வகை) மாதிரிச் சின்ன விமானத்தில் சரக்கறையும் சின்னது.